எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர்: காதில் இருந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தவர்

எட்டயபுரம் போகிறவர்கள் பாரதி பிறந்த வீட்டைப் பார்ப்பார்கள், மணிமண்டபத்தைப் பார்ப்பார்கள். பாட்டுக் கேட்கிற பழக்கம் உள்ளவர்கள் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதிக்கும் ஒரு நடை போய்க் கும்பிட்டுவிட்டு கோவில்பட்டிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அதே ஊரில் வாழ்ந்து, அதே ஊரில் 1906-ல் இறந்த மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் இல்லையென்றால் இரண்டாமவரின் பாட்டுகளில் பாதிக்குமேல் நம்மிடம் வந்து சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அவர் பெயர் சுப்பராம தீட்சிதர்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். ஆனால் ஒரு புத்தகத்தின் அட்டையில் இருக்கும் பெயராகத்தான் தெரியும். 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற அந்தப் புத்தகம் 1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வெளிவந்தது. சுமார் 1,700 பக்கம், தெலுங்கு லிபி. அதைத் தொகுத்தவர் அறுபது வயது தாண்டிய ஒரு ஆஸ்தான வித்வான் என்பதும், தன் பங்குக்கு நிறையப் பாட்டுக் கட்டியவர் என்பதும், வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர் என்பதும் அந்த அட்டைக்குப் பின்னால் போய்விட்டன. பதிப்பாசிரியர் என்று அவரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு வாத்தியாரின் கை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

முதலில் குடும்பக் கதை. திருவாரூர் ராமசுவாமி தீட்சிதருக்கு மூன்று பிள்ளைகள்: முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி. மூத்தவர் கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர். கடைக்குட்டி பாலுசுவாமி, சென்னையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, பிடிலைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர். அவர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்வான் ஆனார். தம்பியைப் பார்க்க முத்துசுவாமி அந்தக் கரிசல் பூமிக்கு வந்தார். வழியில் வறண்டு கிடந்த நிலத்தைப் பார்த்து அமிர்தவர்ஷிணி பாடினார், மழை கொட்டியது என்று ஒரு கதை. கரிசல்காட்டுக்காரர்கள் அந்தக் கதையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், சரி, இருக்கட்டும். 1835-ல் தீபாவளியன்று அவர் எட்டயபுரத்திலேயே காலமானார்.

பாலுசுவாமிக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். 1839-ல் பிறந்த அந்தப் பிள்ளைதான் சுப்பராமன். வருஷங்களைக் கவனியுங்கள். முத்துசுவாமி இறந்து நான்கு வருஷம் கழித்துப் பிறந்தவர் இவர். பெரிய தாத்தாவை ஒரு நாளும் பார்த்ததில்லை, பாடிக் கேட்டதில்லை. இவருக்குத் தெரிந்த முத்துசுவாமி முழுக்க முழுக்க பாலுசுவாமியின் வாய் வழியாகவும் வீணை வழியாகவும் வந்தவர். அந்தப் பாலுசுவாமியும், சுப்பராமனுக்கு ஏறக்குறைய இருபது வயதாகும்போது போய்விட்டார். கற்றுக்கொள்ளக் கிடைத்த காலம் அவ்வளவுதான். பிற்பாடு எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு இவருக்கு ஏன் வந்தது என்பதற்கு இந்தக் கணக்கே போதும் என்று எனக்குத் தோன்றும்.

தெலுங்கும் சமஸ்கிருதமும் முறையாகப் படித்தார். எட்டயபுரம் ஜமீன் தெலுங்கு வழி வந்த பாளையக்காரர்களுடையது. அரண்மனையில் தெலுங்குக்கு நல்ல புழக்கம். சங்கீதத்தின் எழுத்து மொழியும் அப்போது பெரும்பாலும் தெலுங்குதான். பாரதியின் ஊரிலிருந்து இப்படி ஒரு புத்தகம் தெலுங்கில் ஏன் வந்தது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

பதினேழு வயதில் பாட்டுக் கட்டத் தொடங்கினார். தர்பார் ராகத்தில் ஒரு தான வர்ணம் செய்து அரண்மனையில் பாடினாராம். ராஜாவுக்குச் சந்தேகம்: இது பையன் செய்ததா, தாத்தா செய்து கொடுத்ததா? உடனே இன்னொரு ராகத்தைச் சொல்லி, ஜதிஸ்வரம் ஒன்று செய்துகாட்டு என்று கேட்டார். பையன் செய்துகாட்டினான். பத்தொன்பது வயதில் ஆஸ்தான வித்வான் பதவி வந்தது. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த ஜமீனை விட்டு அவர் பெரிதாக நகரவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேர் வாங்கிய பாடகர்களின் காலம் அது. மகா வைத்தியநாதையரும் பட்ணம் சுப்பிரமணிய ஐயரும் கொடிகட்டிப் பறந்த நாட்களில் இவர் எட்டயபுரத்தில் உட்கார்ந்து வர்ணமும் ராகமாலிகையும் கீர்த்தனையும் செய்துகொண்டிருந்தார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் பாட்டுகளில் இன்று மேடையில் ஓரளவு கேட்கக் கிடைப்பது சங்கராபரணத்தில் அமைந்த 'சங்கராசார்யம்'. ராகத்தின் பெயரும் பாட்டுடைத் தலைவரின் பெயரும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் குறும்பு அதில் உண்டு. டி.கே. பட்டம்மாள் பாடிப் பாடி அதைப் பலர் காதில் நிறுத்தினார். நெல்லை காந்திமதி அம்மன் மேல் கல்யாணியில் ஒரு கீர்த்தனை இருக்கிறது. இவை போக மற்றவை பெரும்பாலும் புத்தகத்திலேயே தூங்குகின்றன. அவர் வர்ணங்களைப் பாடிப் பார்த்தால், பெரிய தாத்தாவின் கம்பீர நடையைக் காப்பியடிக்கிற ஆள் இல்லை என்று தெரியும். ஸ்வரக் கோவைகளில் கணக்கு விளையாட்டு அதிகம். பாடகரை விட வீணைக்காரரின் விரல்தான் அங்கே முன்னால் நிற்கிறது. எல்லாமே இனிக்கும் என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் புலமை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

இப்போது புத்தகத்தின் கதைக்கு வருவோம். இதற்குக் காரணமானவர் வேறொருவர்: ஏ.எம். சின்னசுவாமி முதலியார். சென்னையில் அரசுச் செயலகத்தில் வேலை பார்த்த கிறிஸ்தவர், எம்.ஏ. படித்தவர், ஐரோப்பிய இசை எழுத்துமுறையில் தேர்ச்சி உள்ளவர். நம் பாட்டுகளை அந்த ஐந்து கோட்டு முறையில் எழுதி உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று 1890-களின் தொடக்கத்தில் ஒரு வெளியீட்டைத் தொடங்கினார். கைக்காசைக் கொட்டினார். தியாகராஜர் பாட்டுகளுக்கு அவருடைய வாலாஜாபேட்டைச் சீடர் வழியினரைப் பிடித்தார். முத்துசுவாமி தீட்சிதரின் பாட்டுகளுக்கு எட்டயபுரத்தை விட்டால் வேறு வழி இல்லை.

சுப்பராம தீட்சிதர் லேசில் பிடிகொடுக்கவில்லை. இதை இன்றைய கண்ணால் பார்த்துக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடக் கூடாது. இசை இலக்கணம் எழுதிய வேங்கடமகியின் 'சதுர்தண்டி பிரகாசிகை' போன்ற சுவடிகளும், வீட்டு வழிப் பாடமும் குடும்பச் சொத்து. யாருக்குச் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருந்தது. தவிர, எழுதினால் பாட்டு கெட்டுப்போகும் என்ற பயமும் நியாயமானதுதான். ஸ ரி க ம என்று வெறும் ஸ்வரத்தை எழுதிவைத்தால் அது பாட்டின் எலும்புக்கூடு. யார் வேண்டுமானாலும் எந்தச் சதையை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

1899-ல் எட்டயபுரத்தில் பட்டாபிஷேகம் நடந்தது. அதற்கு வந்த முதலியார் இந்த முறை ராஜாவிடமே முறையிட்டார். அப்போது முதலியாரின் கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது. தன்னால் இனி முடிக்க முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. ராஜா சொன்னபின் தீட்சிதர் சம்மதித்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வயதைத் தாண்டி ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில், நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்தும் ஏட்டிலிருந்தும் எடுத்து எழுதத் தொடங்கினார். ஐந்து வருஷத்துக்குள் புத்தகம் வந்துவிட்டது. சமஸ்தான அச்சுக்கூடம், சமஸ்தானச் செலவு.

அந்தப் பயத்துக்கு, அதாவது எலும்புக்கூடு பிரச்சினைக்கு, அவர் கண்ட வழிதான் இந்த நூலின் உயிர். ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் கமகக் குறி போட்டார். எந்த ஸ்வரத்தை அசைக்க வேண்டும், எதைச் சறுக்க வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்பதற்குத் தனித்தனிக் குறி. அசைக்கும் கம்பிதத்துக்கு நெளிகோடு. சறுக்கும் ஜாருவுக்குச் சாய்கோடு: மேலே போவது ஏற்ற ஜாரு, கீழே வருவது இறக்க ஜாரு. ஸ்புரிதத்துக்கு முக்கோணமாக மூன்று புள்ளி. அதையே தலைகீழாகப் போட்டால் ப்ரத்யாகதம். ஒதுக்கலுக்குப் பெருக்கல் குறி. இன்னும் நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒரிக்கை.

பெயர்களை இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏற்றம், இறக்கம், ஒதுக்கல். சமஸ்கிருத சாஸ்திரத்தை மேற்கோள் காட்டி, தெலுங்கில் எழுதிய புத்தகத்தில், விரல் செய்யும் வேலைக்கு வந்தவுடன் பேச்சு தமிழுக்கு மாறிவிடுகிறது. வீணைத் தந்தியை ஒரே மெட்டில், அதாவது விரல் அழுத்தும் ஒரே கட்டையில், பக்கவாட்டில் இழுத்து அடுத்த ஸ்வரத்தை வரவழைப்பதுதான் ஒதுக்கல். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வீணை வாசித்தவர்கள் தினம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளாகத்தான் இவை இருக்க வேண்டும். சாஸ்திரப் பெயரைத் தேடிப் போகாமல் பாட அறையில் புழங்கிய சொல்லையே அச்சிலேற்றியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

குறிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு, பாட்டுக் கற்ற எல்லோருக்கும் தெரிந்த ஜண்டை வரிசையையே எடுத்துக்கொள்ளலாம். 'ஸஸ ரிரி கக மம' என்று எழுதியிருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் ஒரே ஸ்வரம் இரண்டு தடவை. வாத்தியார் பாடிக் காட்டும்போது அப்படியா இருக்கிறது? இரண்டாவது ரி-யை வெறுமனே சொல்வதில்லை. கீழே இருக்கும் ஸ்வரத்தைத் துளி தொட்டுக்கொண்டு ஒரு தட்டுத் தட்டுகிறோம். அந்தத் தட்டுதான் ஸ்புரிதம். இறங்கி வரும்போது தட்டும் இடம் மாறுகிறது, அது ப்ரத்யாகதம். ஏழு வயதுப் பிள்ளை இதைக் கேட்டுக் கேட்டு, பெயர் தெரியாமலேயே செய்துவிடுகிறது. தீட்சிதர் அந்தத் தட்டுக்கு ஒரு குறி கொடுத்தார். அப்புறம் அதே கண்ணோடு ஒரு முழுக் கீர்த்தனையைப் பார்த்தார். பல்லவியிலிருந்து சரணத்தின் கடைசி அட்சரம் வரை இப்படியே. அதுவும் ஒன்றிரண்டு பாட்டு இல்லை, முத்துசுவாமி தீட்சிதருடையவை மட்டும் 229.

அச்சுக் கோத்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஸ்வர எழுத்து, ஸ்தாயிப் புள்ளி, மேலே கமகக் குறி, கீழே சாகித்யம், நடுவில் தாளக் கோடு. ஈய எழுத்தைக் கையால் பொறுக்கி அடுக்கிய காலம். சென்னைப் பட்டணத்தில் செய்திருந்தாலே பெரிய வேலை. இவர்கள் செய்தது ஒரு கரிசல் ஊரில்.

நூலின் அடுக்குமுறை இன்றைய மாணவர்களைக் கொஞ்சம் குழப்பும். நாம் படிக்கும் 72 மேளகர்த்தாக்களில், அதாவது தாய் ராகங்களில், எல்லா மேளத்துக்கும் ஆரோகணத்திலும் அவரோகணத்திலும் ஏழு ஸ்வரமும் வரிசையாக உண்டு. தீட்சிதர் குடும்பம் பின்பற்றியது வேறு பட்டியல். அதில் ஏழு ஸ்வரமும் ஏறுவதிலும் இறங்குவதிலும் சேர்ந்து எங்கேயாவது வந்தால் போதும். அதனால் நாம் கரகரப்ரியா என்று சொல்லும் 22-ம் இடத்தில் இவர்களுக்கு ஸ்ரீராகம் இருக்கிறது. ஏறும்போது க-வும் த-வும் இல்லாத ராகம் எப்படித் தாய் ராகமாகும் என்று நமக்குத் தோன்றும். அவர்கள் பார்வையில், ஏணிப்படி போல ஏழு ஸ்வரம் இருப்பதை விட, காலங்காலமாகப் பாடிப் பழகிய ஒரு உருவம் இருப்பது முக்கியம். 28-ல் ஹரிகாம்போதிக்குப் பதில் ஹரிகேதாரகௌளை. 53-ல் கமனாச்ரமத்துக்குப் பதில் கமகக்ரியா, நாம் பூர்விகல்யாணி என்று பாடுவதற்கு நெருக்கமான ராகம். முத்துசுவாமி தீட்சிதர் உயிர் பிரியும் வேளையில் கேட்டதாகச் சொல்லப்படும் 'மீனாக்ஷி மே முதம்' இந்தக் கமகக்ரியாவில்தான் இருக்கிறது.

இந்தப் பட்டியலை சுப்பராம தீட்சிதர் பதினேழாம் நூற்றாண்டு வேங்கடமகியின் பெயரிலேயே கொடுத்தார். பிற்கால ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை; அதே வழியில் பின்னால் வந்த முத்து வேங்கடமகி என்பவரின் வேலை அது என்று சொல்கிறார்கள். குடும்பத்தில் சொல்லிவந்ததை அவர் அப்படியே நம்பியிருக்கிறார். குறை இன்னொன்றும் உண்டு. அவர் குடும்பத்தவர் பாட்டுகளுக்கு ராஜ உபசாரம் கிடைக்கிறது. தியாகராஜருக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. முழுச் சங்கீதத்தின் கண்ணாடியாக இந்த நூலை எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். ஒரு வீட்டின் கண்ணாடி இது. ஆனால் அந்த வீட்டில் என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள்: ராமசுவாமி தீட்சிதர் செய்த 108 ராக தாள மாலிகையில் மிஞ்சிய 61 ராகங்கள், பழைய லட்சண கீதங்கள், தானங்கள், இசைப்புலவர்கள் 70 பேருக்கு மேல் வாழ்க்கைக் குறிப்பு. அந்தக் குறிப்புகளை எடுத்துவிட்டால் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு வித்வான்களில் பலர் நமக்கு வெறும் பெயராகத்தான் இருப்பார்கள்.

பாரதி எங்கே வருகிறார் என்று கேட்கலாம். காசியிலிருந்து திரும்பி, 1904 ஆகஸ்டில் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராகச் சேரும் வரை அவர் எட்டயபுரம் ஜமீனில்தான் இருந்தார். அதாவது இந்தப் புத்தகம் உருவாகிக்கொண்டிருந்த வருஷங்களில், அதே அரண்மனைச் சம்பளத்தில், ஒருபக்கம் இருபது வயதுக் கவிஞர், இன்னொரு பக்கம் அறுபது வயது வித்வான். தீட்சிதர் இறந்தபோது பாரதி இரங்கற்பா எழுதினார். இன்றும் அவர் கவிதைத் தொகுப்பில் 'சுப்பராம தீட்சிதர்' என்ற தலைப்பிலேயே இருக்கிறது. பிற்பாடு சங்கீதம் பற்றி எழுதிய கட்டுரையில் பாரதி ஒரு குறை சொன்னார்: எந்த ஊருக்குப் போனாலும், எந்த வித்வான் வந்தாலும் அதே நாலைந்து பாட்டுதான், 'வாதாபி கணபதிம்' தொடங்கி. நியாயமான எரிச்சல். ஆனால் சொந்த ஊரில், அந்த 'வாதாபி'யின் ஆசிரியருடைய மற்ற இருநூறு பாட்டுகள் குறியோடு அச்சாகி, புரட்ட ஆளில்லாமல் கிடந்தன.

அந்த 'வாதாபி'யும் பிரதர்சினியில் இருக்கிறது. கச்சேரியில் கேட்டுப் பழகிய காதோடு அதைத் திறந்தால் திகைப்பாக இருக்கும். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடி ஏறி ஏறிப் போகும் சங்கதி அடுக்குகள் அங்கே இல்லை. நிதானமாக, கிட்டத்தட்ட மெலிந்த உருவம். இன்று நாம் கேட்கும் சங்கதிகள் மகா வைத்தியநாதையர் காலத்தில் சேர்ந்தவை என்பார்கள். எது 'சரியான' வாதாபி என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு பாட்டு கைமாறும்போது எவ்வளவு வளர்கிறது என்பதை அளந்து பார்க்க ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும் அல்லவா? அது இந்தப் புத்தகத்தால் கிடைத்தது.

அச்சான பிறகு அது வெகுநாள் பண்டிதர்களின் அலமாரியில்தான் இருந்தது. தெலுங்கு லிபி தெரிய வேண்டும், குறிகள் பழக வேண்டும், இரண்டுக்கும் பொறுமை வேண்டும். பாட்டு வெளியே வந்தது பழைய வழியில்தான், வாய் வழியாக. மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்கு வந்து பாடம் சொன்னார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் டி.எல். வெங்கடராமய்யர், பிற்பாடு உச்சநீதிமன்ற நீதிபதி. பட்டம்மாளுக்கு இந்த இருவரிடமிருந்தும் பாடம் கிடைத்தது. பாரதி பாட்டுகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோனதும் அதே பட்டம்மாள் குரல்தான். எட்டயபுரத்தின் இரண்டு பொக்கிஷங்களும் ஒரே தொண்டையில் வந்து சேர்ந்தன. தமிழ் லிபியில் புத்தகத்தைப் பார்க்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை மியூசிக் அகாடமி ஐந்து பாகமாகக் கொண்டுவந்து முடிக்க 1983 ஆகிவிட்டது. தீட்சிதர் தனியாக உட்கார்ந்து ஐந்து வருஷத்துக்குள் முடித்ததை லிபி மாற்றி அச்சிட நமக்கு இருபத்திரண்டு வருஷம்.

இப்போதும் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு ராகத்தின் பழைய உருவம் வேண்டுமென்றால் முதலில் கை நீட்டுவது இதற்குத்தான். வித்வான்கள் சிலர் புத்தகத்தில் உள்ளபடியே பாடிக்காட்டும் முயற்சியும் செய்கிறார்கள். ஆனால் குறியைப் பார்த்துப் பாடும் ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து மாதிரிக் கேட்கிறது. நெளிகோடு எத்தனை தடவை அசைய வேண்டும், எந்த வேகத்தில் அசைய வேண்டும் என்று காகிதம் சொல்லாது. இது தீட்சிதருக்குத் தெரியாதது இல்லை. அவர் எழுதியது, குரு முன்னால் உட்கார்ந்து ஏற்கெனவே கொஞ்சம் கற்றவனுக்கு.

கற்காதவன் என்ன செய்வான்? அதற்கும் அவர் ஒன்று செய்தார். இது அதிகம் பேசப்படாத விஷயம். 1,700 பக்கம் முடித்து மூச்சு விட்டிருக்க வேண்டிய மனிதர், அடுத்த வருஷமே, 1905-ல், இன்னொரு புத்தகம் அச்சுக்குக் கொடுத்தார். சின்னப் புத்தகம். பெயர் 'பிரதமாப்யாச புஸ்தகமு', முதல் பாடப் புத்தகம். வேங்கடமகியும் 72 மேளமும் கொடுத்து முடித்த கையோடு, அறுபத்தாறு வயதில், இன்றைக்குப் பாட்டுக் கிளாஸில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் நாள் என்ன சொல்லிக்கொடுப்பது என்று எழுத உட்கார்ந்திருக்கிறார். மறு வருஷம் அவர் இல்லை.